1977 திரவப் புரத மரணங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1977இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் ஒரே சாயல் கொண்ட மரணத் தகவல்கள் வந்து சேரத் தொடங்கின. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பருமனாக இருந்து, சில மாதங்களுக்குள் பெருமளவு எடை குறைந்தவர்கள். உறவினர்களும் நண்பர்களும் அவர்களை மனதாரப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாதங்களில் அவர்களின் உணவு ஏறத்தாழ ஒரே பொருள்தான்: பாட்டிலில் விற்கப்பட்ட திரவப் புரதம். 1978இன் தொடக்கத்துக்குள் இப்படிப்பட்ட மரணங்கள் சுமார் 60 பதிவாகியிருந்தன.

இவற்றுள் பலருக்கு வேறு நோய்களும் இருந்தன. அவர்களையெல்லாம் விலக்கிவிட்டு, முன்பு நலமாக இருந்தவர்களை மட்டும் ஆராய்ச்சியாளர்கள் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஐஸ்னரும் அவருடைய சகாக்களும் 1979இல் 17 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். சராசரியாக 5 மாதங்களில் 41 கிலோ குறைந்திருந்தார்கள். தொடக்க எடையில் ஏறத்தாழ 35 சதவீதம். வாரக் கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய விளம்பரப் பலகைகளில் காணும் 'மாதம் 10 கிலோ' என்ற வாக்குறுதியுடன் ஒப்பிட்டால் இது சற்று மிதமான வேகம்கூட.

மிக வேகமாக எடை குறைந்தால் உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த நிகழ்வைப் போல விரிவாகப் பதிலளிப்பது வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே உடற்கூறாய்வு முடிவுகள் இருக்கின்றன, இசிஜி பதிவுகள் இருக்கின்றன, அதற்குப் பிறகு மருத்துவமனைக்குள் வைத்தே செய்யப்பட்ட சோதனையும் இருக்கிறது. 'வேகமாகக் குறைத்தால் ஆபத்து' என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்வது முழு உண்மை இல்லை என்பதையும் இதே நிகழ்வுதான் காட்டுகிறது.

பாட்டிலில் இருந்தது என்ன

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் லின் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் 1976இல் 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்ற நூலை வெளியிட்டார். சாப்பாட்டை அறவே நிறுத்திவிட்டுத் திரவப் புரதத்தை மட்டும் குடியுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவருடைய பெயரை ஒட்டியே 'புரோலின்' என்ற பானம் இருந்தது. நூல் பரபரப்பாக விற்றது. உடனே வேறு பல நிறுவனங்களும் அதே மாதிரிப் பானங்களைக் கொண்டுவந்தன. மருந்துக் கடைகளிலும் ஆரோக்கிய உணவுக் கடைகளிலும் மருந்துச் சீட்டே இல்லாமல் வாங்கலாம். சட்டத்தின் பார்வையில் அது உணவு. மருந்துக்குரிய பாதுகாப்புச் சோதனை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்தப் புரதம் வந்த இடம் இறைச்சிக்கூடத்தின் கழிவு. மாட்டுத் தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைச் சிதைத்துத் திரவமாக்கி, சுவையும் நிறமும் சேர்த்தார்கள். கொலாஜன் புரதம்தான், ஆனால் முழுமையான புரதம் இல்லை. உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் அதில் அறவே கிடையாது. மற்றும் சில அமினோ அமிலங்களும் குறைவு. ஒரு அமினோ அமிலம் இல்லாவிட்டாலும் உடல் தன் தசையைப் புதுப்பிக்கும் வேலை அந்த இடத்திலேயே தடைபட்டு நின்றுவிடும். சில நிறுவனங்கள் டிரிப்டோஃபேனைத் தனியாகச் சேர்த்து விற்றன. அப்படிச் சேர்த்தாலும் நாள் ஒன்றுக்குக் கிடைத்தது 300 முதல் 400 கலோரிதான். சாதாரணமாக நடமாடும் ஒரு பெண்ணின் தேவையில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இந்த யோசனைக்கு மதிப்பான ஒரு மூலமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் லின்னுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பாஸ்டனில் ஜார்ஜ் பிளாக்பர்ன், புரூஸ் பிஸ்ட்ரியன் என்ற மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் ஓர் உணவுமுறையை உருவாக்கியிருந்தார்கள். மாவுப்பொருளையும் கொழுப்பையும் பெரிதும் குறைத்துவிட்டுப் புரதத்தை மட்டும் போதிய அளவு கொடுத்தால், உடல் தன் தசையைக் காத்துக்கொண்டு கொழுப்பை எரிக்கும் என்பது அவர்களின் கணக்கு. அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய இறைச்சி, மீன், கோழி. கூடவே பொட்டாசியமும் மற்ற தாதுக்களும் வைட்டமின்களும், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் உண்டு. நூலும் பாட்டில்களும் அந்த ஆய்வின் முதல் பாதியை எடுத்துக்கொண்டன. இறைச்சியின் இடத்தில் கொலாஜனும், மருத்துவமனையின் இடத்தில் மருந்துக் கடையும் வந்தன.

இதயத்தில் நடந்தது

உணவு கிட்டத்தட்ட நின்றுபோனால் உடல் முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பைச் செலவழிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுவதால் முதல் வாரத்தில் எடைக் கருவி இறங்கும் வேகம் யாரையும் மயக்கிவிடும். அந்த இறக்கத்தில் கொழுப்பின் பங்கு சொற்பம். பிறகு மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைத் தயாரிக்கத் தசைப் புரதம் உடைபடுகிறது. சில நாட்களில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உற்பத்தி செய்யத் தொடங்க, மூளை அவற்றையும் பயன்படுத்தப் பழகிக்கொள்கிறது. தசைச் சேதம் அதனால் குறைகிறது, ஆனால் ஒருபோதும் முழுமையாக நிற்பதில்லை. அடுப்புக்கு விறகு மலைபோல் குவிந்திருக்கும்போதே வீட்டு உத்தரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எரிப்பதற்கு இது ஒப்பு. உடம்பில் எத்தனை கிலோ கொழுப்பு இருந்தாலும் சரி.

பட்டினியின்போது கரைவது கைகால் தசை மட்டும்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இதயமும் தசைதான். ஐஸ்னர் குழுவினர் 14 பேரின் இதயத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 12 பேரிடம் தசையிழைகள் மெலிந்து இளைத்திருந்தன. 11 பேரிடம் லிப்போஃபியூசின் என்ற பழுப்பு நிறமி கூடுதலாகப் படிந்திருந்தது. செல்கள் தேய்ந்துபோவதன் அடையாளம் அது.

இசிஜி பதிவு கிடைத்தவர்கள் 10 பேர். அவர்களில் 9 பேருக்கு க்யூடி இடைவெளி நீண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டத்தை மீட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தை இந்த இடைவெளி காட்டுகிறது. அது நீண்டால், இதயம் தயாராகும் முன்பே அடுத்த துடிப்பு வந்து விழ வாய்ப்புண்டு. அப்படி விழும்போது கீழறைகள் தாறுமாறாகவும் அதிவேகமாகவும் துடிக்கத் தொடங்கும், ரத்தம் வெளியேறாது, மனிதர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அந்த 10 பேருக்குமே இத்தகைய கீழறை அதிவேகத் துடிப்பு ஏற்பட்டிருந்தது.

என்ன காரணத்தால் க்யூடி நீண்டது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பொட்டாசியக் குறைவா, மெக்னீசியமா, தாமிரம் போன்ற நுண்தாதுக்களின் இன்மையா, கொலாஜனின் தரமா, இதயத் தசையே இளைத்துப்போனதா? தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் உண்டு, இடறலும் உண்டு. பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்வோம். உடலின் பொட்டாசியத்தில் மிகப் பெரும்பங்கு செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிய பகுதி. அதனால் செல்கள் வறண்டுகொண்டிருக்கும்போதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் சரியாகவே இருக்கலாம். இறந்தவர்களில் பொட்டாசியமும் வைட்டமினும் ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் இருந்தவர்களும் இருந்தார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். 'டாக்டரைக் கேட்டுத்தான் செய்கிறேன்' என்று சொன்னவர்களும் தப்பவில்லை.

ஏன் தப்பவில்லை என்பதற்கு 1980இல் ஒரு பதில் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஓர் ஆய்வுக் குழு பருமனான 6 பேரை மருத்துவமனையில் வைத்துக் கவனமான மேற்பார்வையில் 40 நாட்கள் திரவப் புரத உணவு கொடுத்தது. வழக்கமான இசிஜியில் குறிப்பிடும்படியான கோளாறு தென்படவில்லை. 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டியபோது 3 பேருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் பிடிபட்டன. சாதாரண இசிஜி என்பது ஒரு நாளின் சில நொடிகள். மீதி நேரத்தில் இதயம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அது சொல்லாது. வாராவாரம் வந்து எடை பார்த்து, ரத்தம் கொடுத்து, இசிஜி எடுத்துப் 'எல்லாம் நார்மல்' என்ற பதிலோடு வீட்டுக்குப் போனவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை இந்தச் சிறு சோதனை விளக்கிவிடுகிறது.

பட்டினி இதயத்தைச் சுருக்கும் என்பது அப்போது புதிய செய்தியே அல்ல என்பது வேறு விஷயம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பங்கேற்றார்கள். 24 வாரங்கள் அரைகுறை உணவு. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு மந்தமானது, எக்ஸ்ரேயில் இதயம் சிறுத்துத் தெரிந்தது. அவர்கள் உண்டது ரொட்டியும் உருளைக்கிழங்கும் போன்ற உண்மையான உணவு, நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. பாட்டில்காரர்கள் அதில் கால் பங்கைக் கொடுத்தார்கள். இந்த விவரங்கள் 1950லேயே அச்சாகிவிட்டன.

யார் அதிக நாள் தாங்கினார்கள்

1981இல் வெளியான இன்னோர் ஆய்வும் 17 மரணங்களை எடுத்துக்கொண்டது. அதில் எதிர்பாராத ஒரு தொடர்பு தெரிந்தது. தொடங்கும்போது யார் அதிகப் பருமனாக இருந்தாரோ அவர் அதிக நாள் உயிரோடு இருந்தார். குறைந்த பருமனுடன் தொடங்கியவர் விரைவில் இறந்தார். நோயாளி எவ்வளவு கனமோ அவ்வளவு ஆபத்து என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு இது நேர்மாறு.

காரணம் விளங்கிக்கொள்ள முடிவதுதான். கொழுப்பு நிறைய இருக்கும் உடல், எடை இழக்கும்போது கொழுப்பை அதிகமாகவும் தசையை ஒப்பீட்டில் குறைவாகவும் விட்டுக்கொடுக்கிறது. கொழுப்பு குறைவான உடல், இழக்கும் ஒவ்வொரு கிலோவிலும் தசைக்குக் கூடுதல் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. 1984இல் ஆய்வாளர்கள் தியோடோர் வான் இட்டாலியும் மெய்-உஹ் யாங்கும் இந்த வழியிலேயே வாதிட்டார்கள்: கொழுப்பல்லாத திசு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதில்தான் இதயத்துக்கான ஆபத்து இருக்கிறது.

நம்மூருக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி என்றே கருதுகிறேன். ஒரே உடல் நிறை குறியீட்டு எண் கொண்ட ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், இந்தியர் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பதைப் புணேயின் யாஜ்னிக் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது விட்டுக்கொடுக்கத் தசை இருப்பே நம்மிடம் குறைவு. அதோடு நம் சாப்பாட்டுத் தட்டில் சோறு மிகுதி, புரதம் குறைவு. கல்யாணத்துக்கு முன் எட்டு கிலோ குறைக்க வேண்டும் என்று காலையில் கஞ்சியும் இரவில் பழமும் மட்டும் உண்ணும் 62 கிலோ பெண், சராசரியாகச் சுமார் 117 கிலோவில் தொடங்கிய அந்த அமெரிக்கர்களைவிட இந்தக் கணக்கில் மோசமான இடத்தில் நிற்கிறார். இது என் ஊகம்தான், இப்படி ஓர் ஒப்பீட்டை யாரும் சோதித்துப் பார்க்க நியாயமில்லை. ஆனால் கணக்கின் திசை அதுவே.

பித்தப்பை, முடி, மூட்டு

திரவப் புரதத்தின் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தபின் பானங்கள் மாறின. பால், முட்டை, சோயாப் புரதம், போதிய தாதுக்கள், கட்டாய மருத்துவ மேற்பார்வை. திடீர் மரணங்கள் பழைய அளவில் திரும்பவில்லை. அதற்காக வேகமான எடைக்குறைப்பு விலையில்லாமல் போய்விடவில்லை. அடுத்த விலையைக் கேட்டது பித்தப்பை.

கொழுப்புத் திசு வேகமாகக் கரையும்போது அதிலிருந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் வந்து குவிகிறது. பித்தப்பையோ, உணவில் கொழுப்பு வந்தால்தான் சுருங்கிக் காலியாகும். கொழுப்பே இல்லாத உணவில் அது சுருங்காமல் தேங்கிக் கிடக்கிறது. தேங்கிய பித்தநீரில் மிகையான கொலஸ்ட்ரால் படிகமாகி, கல்லாகிறது. 1989இல் வெளியான ஓர் ஆய்வில் 51 பேர் சுமார் 500 கலோரி உணவில் 8 வாரங்கள் இருந்தார்கள். 13 பேருக்குப் புதிதாகப் பித்தப்பைக் கற்கள் உருவாகியிருந்தன. நான்கில் ஒருவர். வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் குறையும்போது இந்த ஆபத்து வேகமாகக் கூடுகிறது என்று பின்னர் தெரிந்தது. இதைத் தடுக்க வழியும் உண்டு. எடை குறைக்கச் செய்யும் இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்தை நாளுக்கு 600 மில்லிகிராம் கொடுத்ததில், 6 மாதங்களில் கல் உருவாகும் விகிதம் 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்ததாக 1995இல் வெளியான சோதனை காட்டியது. உணவில் தினமும் சிறிதளவு எண்ணெயோ நெய்யோ சேர்த்துப் பித்தப்பையைச் சுருங்க வைப்பதும் உதவும்.

முடி உதிர்வது உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பலரை மருத்துவரிடம் ஓட வைப்பது அதுதான். பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் கொட்டத் தொடங்கும் என்பதால் ஷாம்பூவின் மேல் பழி விழுகிறது. கீட்டோன்கள் கூடினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைந்து, கௌட் என்ற மூட்டு நோய் உள்ளவர்களுக்கு மூட்டு வலி கிளம்பும். பெண்களுக்கு மாதவிடாய் தப்பலாம்.

அப்படியானால் வேகம்தான் குற்றவாளியா

இல்லை என்று சொல்லும் சான்றுகளும் இருக்கின்றன, அவை வலுவானவை. மெல்போர்னில் பருமனான 200 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு 12 வாரங்களில் வேகமாகவும், மற்றது 36 வாரங்களில் நிதானமாகவும் எடை குறைத்தது. 'மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும்' என்று நாம் எல்லோரும் நம்புவதற்கு மாறாக, பிறகு வந்த மூன்று ஆண்டுகளில் இரு பிரிவினரும் இழந்ததில் ஏறத்தாழ 71 சதவீதத்தை ஒரே மாதிரி மீட்டுக்கொண்டார்கள். இலக்கை எட்டியவர்கள் வேகப் பிரிவிலேயே அதிகம். 2014இல் இது வெளிவந்தபோது நிதானத்தை உபதேசித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தர்மசங்கடம்தான்.

2017இல் வெளியான டைரக்ட் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் சாதாரணக் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே கொண்ட திரவ உணவு 3 முதல் 5 மாதங்கள் வரை கொடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம். சிகிச்சையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட தீவிரப் பாதிப்பு ஒருவருக்கு ஏற்பட்டது. பித்தப்பை வலி.

1977க்கும் 2017க்கும் இடையே மாறியது என்ன? இரண்டிலும் பானம், இரண்டிலும் மாதக்கணக்கு, இரண்டிலும் வேகமான இறக்கம். ஆனால் 2017இல் கலோரி இரட்டிப்புக்கும் மேல். புரதம் முழுமையானது, தாதுக்கள் அளந்து சேர்க்கப்பட்டவை. காலம் வரையறுக்கப்பட்டது: இத்தனை வாரம் முடிந்தால் உணவு படிப்படியாகத் திரும்பும். 1977இன் பெண்களுக்கு முடிவுத் தேதி எதுவும் சொல்லப்படவில்லை. எடை இறங்கிக்கொண்டே இருக்கும்வரை தொடரலாம் என்றுதான் புரிந்துகொண்டார்கள்.

அமெரிக்கச் சட்டம் பிறகு விழித்துக்கொண்டது. கலோரியில் பாதிக்கு மேல் புரதத்திலிருந்து வரும், எடைக்குறைப்புக்கென விற்கப்படும் பொருட்களில், நாளுக்கு 400 கலோரிக்குக் குறைவான புரத உணவு கடும் நோயையோ மரணத்தையோ உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கை 1980களிலிருந்து கட்டாயமானது. கொலாஜன் தூள் இன்று மீண்டும் கடைகளுக்கு வந்திருக்கிறது, இம்முறை தோல் பளபளப்புக்காக. சாப்பாட்டோடு காபியில் ஒரு கரண்டி கலந்து குடிப்பதற்கும், சாப்பாட்டுக்குப் பதிலாக அதையே குடிப்பதற்கும் உள்ள தூரம்தான் இந்த ஆய்வு முழுவதும்.

டைரக்ட் ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நீரிழிவு மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளிலேயே நிறுத்தினார்கள். சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரை விழுங்கிக்கொண்டோ இன்சுலின் போட்டுக்கொண்டோ உணவைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தால், சர்க்கரை அன்றே அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரைக் கூட்டும் வகை ரத்த அழுத்த மாத்திரைகளில் பல, ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் பொட்டாசியத்தை மேலும் வெளியேற்றும். நம் வீடுகளில் ஐம்பதைத் தாண்டியவர்களின் மாத்திரைப் பெட்டியில் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எடைக்குறைப்புப் பானம் விற்பவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. எனவே வாங்குபவர் பானத்தின் டப்பாவோடு மாத்திரைப் பெட்டியையும் தன் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், குடிக்கத் தொடங்கும் முன்பே.